மாதிரி ரயில் இஞ்சினின் வேகத்தைச் சரிசெய்தல்: சிவி 2, 5, 6 முதல் இரட்டை இஞ்சின் வரை

மட்டக்களப்பு நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. கொழும்பிலிருந்து வண்டியை இழுத்து வந்த இஞ்சின் கழன்று, பக்கத்துப் பாதையால் சுற்றிப்போய், மறுமுனையில் கொழுவ வேண்டும். அந்தக் கடைசி ஓரிரு மீற்றரில் இஞ்சின் ஆள் நடப்பதைவிட மெதுவாக வரும். மேசையிலுள்ள மாதிரி இஞ்சினோ, பெட்டியிலிருந்து எடுத்த நிலையில், கொன்ட்ரோலரின் முதல் வேகப் படியிலேயே துள்ளிப் பாய்ந்து ரயில் பெட்டியை இடித்துவிடும். இதைத் திருத்துவது, இஞ்சினுக்குள் இருந்து கொன்ட்ரோலரின் கட்டளைப்படி மோட்டரை ஓட்டும் சிறு மின்னணுத் தகடான டிகோடரில் உள்ள சிவி (CV) எனப்படும் அமைப்பு எண்கள்தான். சிவி 2 தொடக்க வேகத்துக்கு, 5 உச்ச வேகத்துக்கு, 6 நடு வேகத்துக்கு.

எண்ணில் கைவைக்க முன் சக்கரத்தைத் துடையுங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவிலிருக்கும் வீடுகளில், அதுவும் மழைக்காலத்தில், தண்டவாளத்தில் சீக்கிரமே கரும்படலம் படியும். ஐசோபுரோபைல் அல்கஹோல் நனைத்த பஞ்சில்லாத துணியால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். அது விடும் கீறலுக்குள் அடுத்த அழுக்கு ஒளிந்துகொள்ளும். பிறகு இஞ்சினை முன்னுக்கும் பின்னுக்கும் பத்துப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். கிறீஸ் இளகாத இஞ்சினில் அளந்த எண் அரை மணி நேரத்தில் பொய்யாகிவிடும்.

இப்போதுள்ள சிவி 2, 3, 4, 5, 6, 29 ஆகியவற்றை வாசித்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சிவி எண்களை வாசிக்கவும் எழுதவும் தனியே ஒதுக்கிய தண்டவாளமான புரோகிராம் பாதையில் ஒரு இஞ்சின் மட்டும் நிற்கட்டும். அங்கே போகும் கட்டளை அதிலுள்ள எல்லா டிகோடருக்கும் போகும். வாசிப்பு வராவிட்டால் முதலில் சக்கர அழுக்கைச் சந்தேகியுங்கள், அடுத்ததாக, மின் தொடர்பு அறுந்தாலும் ஓடவைக்கும் மின்தேக்கி பொருத்திய டிகோடரை.

அடுத்து சிவி 3, 4 இரண்டையும் 0 ஆக்குங்கள். இவை வேகம் ஏறும், இறங்கும் நேரத்தைத் தீர்மானிப்பவை. இவை இருக்கும்போது படியை மாற்றினால் இஞ்சின் மெல்ல மெல்ல ஏறும். நீங்கள் அளப்பது எந்த வேகத்தை என்று தெரியாது.

கொன்ட்ரோலரை 128 படியில் வைத்து, பிரதான பாதையிலேயே எழுதும் முறையைத் தெரிவுசெய்யுங்கள். மாற்றம் உடனே கண்ணுக்குத் தெரியும். முதல் படியில் நிறுத்தி, சிவி 2 ஐ 0 இலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். சக்கரம் நிற்காமல், விக்காமல் சுழலத் தொடங்கும் எண்தான் உங்களுக்கு வேண்டியது. முன்னோட்டத்தில் சரியாக வந்த எண் பின்னோட்டத்தில் விக்கலாம். இரண்டையும் பாருங்கள்.

உச்ச வேகத்துக்கு நேரான பாதையில் 2 மீற்றர் அளந்து இரண்டு பக்கமும் குறியிடுங்கள். குறிக்கு ஒரு மீற்றர் முன்பே இஞ்சின் சீரான வேகத்தைப் பிடித்திருக்க வேண்டும். ஓஓ அளவில் (1:76.2) 549 ஐ விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது வரும், எச்ஓ அளவில் (1:87.1) 627 ஐ வகுக்க வேண்டும். அதாவது 60 கிலோமீற்றர் வேகத்துக்கு ஓஓ இஞ்சின் 2 மீற்றரை 9.1 விநாடியிலும், எச்ஓ இஞ்சின் 10.5 விநாடியிலும் கடக்க வேண்டும். கடைசிப் படியில் ஓடவிட்டு, விரும்பிய நேரம் வரும்வரை சிவி 5 ஐக் குறையுங்கள். பின் சிவி 6 ஐ இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் கீழாக வையுங்கள். சிவி 2 இல் 4, சிவி 5 இல் 130 என்றால் சிவி 6 இல் 60 நல்ல தொடக்கம். கொன்ட்ரோலரின் கீழ்ப்பாதி மென்மையாகி, இஞ்சின் கொழுவும் இடத்துக்கு ஊர்ந்து வரும்.

சிவி 5, 6 ஐ மாற்றியும் ஒன்றுமே நடக்கவில்லையா? சிவி 29 ஐப் பாருங்கள். அதில் 16 சேர்ந்திருந்தால், உதாரணமாக 6 க்குப் பதில் 22 இருந்தால், டிகோடர் சிவி 67 முதல் 94 வரையான 28 எண் கொண்ட வேக அட்டவணையால் ஓடுகிறது. பல டிகோடர்களில் அப்போது 5 உம் 6 உம் கணக்கில் எடுபடாது. 16 ஐக் கழித்து எழுதுங்கள். சிவி 29 ஐக் கண்மூடித்தனமாக மாற்ற வேண்டாம்: கொன்ட்ரோலர் இஞ்சினை அழைக்கும் நீண்ட முகவரிக்கான 32 உம் அதற்குள்தான் இருக்கிறது.

இரண்டு இஞ்சினைச் சேர்த்து ஓட்டுவதென்றால், மெதுவானதை அளவுகோலாக வைத்து அதைத் தொடாமல் விடுங்கள். வேகமானதைக் குறைக்கலாம், மெதுவானதை அதன் மோட்டரின் எல்லைக்கு மேல் கூட்ட முடியாது. வட்டப் பாதையில் இரண்டையும் கொழுவாமல், 30 சென்ரிமீற்றர் இடைவெளியில், ஒரே படியில் ஓடவிடுங்கள். படி 10, 64, 126 மூன்றிலும் இடைவெளி கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து, வேகமானதன் சிவி 2, 6, 5 ஐ முறையே திருத்துங்கள். முதுகோடு முதுகு வைத்து ஓட்டுவதானால் ஒன்று பின்னோட்டத்தில் போகும். அந்தத் திசையிலேயே அளக்க வேண்டும். திசைக்குத் திசை வித்தியாசமிருந்தால் முன்னோட்டத்துக்கு சிவி 66, பின்னோட்டத்துக்கு சிவி 95. அவற்றில் 128 என்றால் மாற்றமில்லை, அதற்குக் கீழ் வேகம் குறையும். எல்லா டிகோடரும் இதற்கு இசைவதில்லை.

கடைசியாகத்தான் சிவி 3, 4. எண்ணை 0.896 ஆல் பெருக்கினால் நின்ற நிலையிலிருந்து உச்சம் வரை எடுக்கும் விநாடி கிட்டத்தட்ட வரும்: 20 என்றால் சுமார் 18 விநாடி. சேர்ந்து ஓடும் இரண்டிலும் ஒரே எண் இருக்கட்டும். சிவி 4 வேறுபட்டால் நிறுத்தும்போது ஒன்று மற்றதைத் தள்ளும், வளைவில் பெட்டி தடம் புரளும். எண்ணெல்லாம் சரியாக இருந்தும் பெட்டிகளோடு ஓடும்போது இரண்டும் மாறி மாறி இழுபட்டால், மோட்டரின் வேகத்தைத் தானே சரிசெய்யும் பின்மின்னழுத்தக் கட்டுப்பாடுதான் காரணம். அதன் வலிமையை இரண்டிலும் குறையுங்கள். அதற்குரிய சிவி எண் கம்பனிக்குக் கம்பனி வேறு, டிகோடரோடு வந்த தாளில் இருக்கும்.