ரெய்டு கார்டு உண்டு, ரெய்டு வேண்டாம்: டிஸ்க்கில் எழுதும்போது எர்ரர் வந்தால் எங்கே தேடுவது?

தை, வைகாசி முகூர்த்தங்கள் முடிந்தால் மதுரை கல்யாண வீடியோ ஸ்டுடியோக்களில் டிஸ்க் நிரம்பி வழியும். மதர்போர்டில் இருப்பதோ நாலு அல்லது ஆறு சாட்டா போர்ட்தான். அதனால் சர்வரிலிருந்து கழற்றிய ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் கார்டு) ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கிப் போடுகிறார்கள். எல்எஸ்ஐ 9211-8ஐ, ஐபிஎம் எம்1015, டெல் எச்310 மூன்றிலும் இருப்பது எஸ்ஏஎஸ்2008 என்ற ஒரே சிப். இரண்டு கேபிளில் 8 டிஸ்க் வரை மாட்டலாம்.

ரெய்டு வேண்டாம் என்பவர்கள் வழக்கமாகச் செய்வது, ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ரெய்டு 0 (ஒரே டிஸ்க் கொண்ட ரெய்டு தொகுதி) ஆக்குவது. இதைத் தவிர்ப்பது நல்லது. கார்டு தன் குறிப்பை டிஸ்க்கில் எழுதிவைக்கும். கார்டு செத்தால் அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்க முடியாமல் போகலாம். டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரமும் (தன் உடல்நிலை பற்றி டிஸ்க்கே வைத்திருக்கும் கணக்கு) நேராகத் தெரியாது, கோளாறு வரும்போது கண்ணைக் கட்டிவிட்டது போல் ஆகிவிடும். கார்டில் ஐடி ஃபர்ம்வேரை (ரெய்டு வேலை இல்லாத உள் மென்பொருள்) ஏற்றிவிட்டால் அது வெறும் இணைப்புக் கார்டாகிவிடும், டிஸ்க் டிஸ்க்காகவே தெரியும். ஏற்கெனவே ரெய்டு 0-வில் டேட்டா இருந்தால் முதலில் அதை வெளியே எடுத்துவிடுங்கள்.

ஃபர்ம்வேர் ஏற்றும்போது எல்லா டிஸ்க்கையும் கழற்றிவிட்டு, யுபிஎஸ்ஸில்தான் ஓட்ட வேண்டும். கார்டின் ஸ்டிக்கரில் உள்ள 16 இலக்க எஸ்ஏஎஸ் முகவரியை (எல்எஸ்ஐ கார்டில் 500605பி என்று தொடங்கும்) முதலில் எழுதிக்கொள்ளுங்கள், கடைசியில் அதைத் திரும்ப ஏற்ற வேண்டும். புதிய மதர்போர்டுகளில் டாஸ் பென்டிரைவில் ஓட்டினால், ஃபர்ம்வேர் ஏற்றும் எஸ்ஏஎஸ்2ஃப்ளாஷ் புரோகிராம் பாதியில் நின்றுவிடும். இஎஃப்ஐ ஷெல்லில் (விண்டோஸ், லினக்ஸ் எழும் முன் கட்டளை அடிக்கும் இடம்) ஓட்டுங்கள். எஸ்ஏஎஸ்2ஃப்ளாஷால் பழைய ஃபர்ம்வேரை அழித்த பிறகு, புதியதை ஏற்றி முடிக்கும்வரை ரீஸ்டார்ட் கூடாது. அப்படிச் செய்தால் கார்டை மீட்பது பெரும்பாடு. எம்1015, எச்310 இரண்டிலும் இதற்கு முன்பாக மெகாரெக் என்ற புரோகிராம் கொண்டு எஸ்பிஆர் பகுதியை (கார்டின் அடையாளம் பதிந்த சிறு நினைவிடம்) சுத்தம் செய்யும் வேலை கூடுதலாக உண்டு. கார்டு மாட்டியதும் கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சில மதர்போர்டுகளோடு இவை ஒத்துப்போகாது. ஸ்லாட்டில் போகும் பி5, பி6 பின்களின் மேல் சிறு டேப் ஒட்டினால் சரியாகிவிடும்.

பதிப்பு எண்ணில் கவனம் தேவை. 20.00.07.00 தான் சரியானது. 20 வரிசையில் முதலில் வந்த பதிப்புகளே எர்ரர் கிளப்பியவை. பூட் ரோம் ஏற்றாவிட்டாலும் பரவாயில்லை. அந்த டிஸ்க்குகளிலிருந்து பூட் செய்ய முடியாது, அவ்வளவுதான். கம்ப்யூட்டரும் சீக்கிரம் எழுந்துவிடும்.

இனி எர்ரர். எழுதும்போது எர்ரர் வந்ததும் டிஸ்க் போச்சு என்று புதுசு வாங்க ஓடுகிறார்கள், பாதி நேரம் குற்றவாளி டிஸ்க்கே இல்லை. முதலில் லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் (ஸ்மார்ட் கணக்கைக் காட்டும் கட்டளை) ஓட்டி 5 (மாற்றப்பட்ட செக்டார், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டு), 197 (சந்தேக செக்டார்), 198 (சரிசெய்ய முடியாத செக்டார்), 199 (கேபிள் வழியில் வந்த பிழை) ஆகிய எண்களின் கடைசி நெடுவரிசை மதிப்பைக் குறித்து வையுங்கள். பிறகு பெரிய கோப்பு ஒன்றை, 100 ஜிபி அளவுக்காவது, காப்பி செய்துவிட்டு மறுபடி பாருங்கள். எது ஏறியது என்பதுதான் துப்பு.

199 ஏறினால் கேபிள். இந்த எண் ஒருபோதும் குறையாது, அதனால் பழைய மதிப்பைப் பார்த்து மிரள வேண்டாம், ஏறுகிறதா என்பதே கேள்வி. கேபிளை வேறு டிஸ்க்கோடு மாற்றிப் போடுங்கள். எர்ரர் கேபிளோடு நகர்ந்தால் கேபிள், டிஸ்க்கோடு நகர்ந்தால் டிஸ்க்கின் கனெக்டர், இடத்திலேயே நின்றால் கார்டின் போர்ட். ஒரு முனை நாலாகப் பிரியும் கேபிளில் ஃபார்வர்ட், ரிவர்ஸ் என்று இரண்டு வகை உண்டு, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போக ஃபார்வர்ட்தான் வேண்டும். ரிவர்ஸ் மாட்டினால் டிஸ்க்கே தெரியாது. நீளம் 1 மீட்டரைத் தாண்டக் கூடாது.

197 ஏறினால் டிஸ்க்கேதான். சரிசெய்யும் முன் டிடிரெஸ்க்யூ என்ற கட்டளை கொண்டு டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். அதன் பிறகு பேட்பிளாக்ஸ் என்ற சோதனைக் கட்டளையை எழுதும் முறையில் முழு டிஸ்க்கிலும் ஓட்டுங்கள், உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். சந்தேக செக்டாரின் மேல் எழுதும்போதுதான் டிஸ்க் அதைச் சரிபார்க்கும், அல்லது மாற்று செக்டாருக்கு அனுப்பும். 197 பூஜ்யமாகி 5 அப்படியே நின்றால் இன்னும் ஓட்டலாம். 5 வாராவாரம் ஏறினால் அந்த டிஸ்க்கில் கல்யாணத்தை வைக்காதீர்கள்.

இந்த எண்கள் எதுவும் ஏறாமல் இரண்டு மூன்று டிஸ்க் ஒரே நேரத்தில் காணாமல் போனால் பவரையும் சூட்டையும் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். எட்டு டிஸ்க்குக்கு 190 வாட்டைத் தாண்டும். எல்லாவற்றையும் ஒரே ஸ்ப்ளிட்டரில் தொங்கவிடக் கூடாது. வார்ப்பு பிளாஸ்டிக் தலை கொண்ட மலிவு ஸ்ப்ளிட்டர் உருகித் தீப்பிடிப்பதும் உண்டு. கார்டின் சிப், சர்வர் ஃபேன் காற்றை நம்பிச் செய்தது. அக்னி நட்சத்திரத்தில் மதுரை 40 டிகிரியைத் தொடும்போது, ஏசி இல்லாத அறையில், மூடிய கேபினெட்டுக்குள் அது வெந்துவிடும். ஹீட்சிங்க்கின் மேல் 40 மிமீ ஃபேன் ஒன்றைக் கட்டிவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? எர்த் சரியில்லை. கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும், தண்ணீர் ஊற்றிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

கெர்னல் பதிவில் (லினக்ஸ் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் பதிவு) டிஸ்க் ரீசெட் என்று வந்துகொண்டே இருந்தால் விஷயம் வேறு. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் மோசமான செக்டார் ஒன்றோடு ஒரு நிமிடத்துக்கு மேலும் மல்லுக்கட்டும், லினக்ஸோ 30 வினாடியில் பொறுமை இழந்து ரீசெட் செய்துவிடும். டிஸ்க்கை 7 வினாடியில் கைவிடச் சொல்லும் எஸ்சிடிஇஆர்சி அமைப்பைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அது மிரர் (ஒரே டேட்டாவின் இரட்டைப் பிரதி) வைத்திருப்பவர்களுக்கானது. வேறு பிரதி இல்லாத தனி டிஸ்க்கில் டிஸ்க் முயன்று பார்ப்பதே நமக்கு வேண்டும். அதனால் லினக்ஸில் அந்த டிஸ்க்கின் டைம்அவுட் மதிப்பை (காத்திருக்கும் நேரம்) 180 வினாடி ஆக்குங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் பழைய மதிப்புக்கே போய்விடும், எனவே பூட் ஸ்கிரிப்டில் போட்டுவிடுங்கள்.

எர்ரர் இல்லை, எழுதுவது மட்டும் நத்தை வேகம் என்றால் டிஸ்க்கின் ரைட் கேச் (எழுத வேண்டியதைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் நினைவகம்) அணைந்திருக்கலாம். எச்டிபார்ம் கட்டளையில் பார்த்து ஆன் செய்யலாம், யுபிஎஸ் இருந்தால் மட்டும்.