முதியோர் பராமரிப்பு வேலைக்குப் புதியவரா? ஆன்லைன் பயிற்சியை இப்படித் தொடங்குங்கள்

பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்க, பெரியவர்கள் மட்டும் தனியாக இருக்கும் வீடுகள் கும்பகோணம், மன்னார்குடி, திருவையாறு பக்கமெல்லாம் உண்டு. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறவர்கள் செல்போனிலேயே நிறையக் கற்கலாம். ஆனால் வீடியோ பார்த்ததோடு நின்றால் கை பழகாது. பார்த்ததை அன்றைக்கே செய்து பார்க்க வேண்டும், அதுவும் தெரிந்த ஒருவர் முன்னால்.

படி 1: பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்

மத்திய அரசின் ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் தளத்தில் பதிவு செய்து, ‘ஹோம் ஹெல்த் எய்டு’ (வீட்டிலேயே நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்), ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ (மருத்துவமனையில் நோயாளிக்கு உதவுபவர்) என்று தேடுங்கள்.

‘இங்கிலாந்து கேர் சர்டிபிகேட் முழுக்க ஆன்லைனில், விசா உறுதி’ என்று யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து நகையை அடகு வைத்துவிடாதீர்கள். அது அங்கே பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்களுக்கான அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ். பாடத்தை ஆன்லைனில் படிக்கலாம். ஆனால் வேலை செய்யும் இடத்தில் நேரில் பார்த்து மதிப்பிட்ட பிறகுதான் சான்றிதழ். அதோடு, வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளர்களை எடுப்பதற்கான விசா வழியை இங்கிலாந்து 2025 ஜூலை 22 அன்று மூடிவிட்டது.

படி 2: கை கழுவுவதிலிருந்து ஆரம்பியுங்கள்

சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி. விரல் இடுக்கு, கட்டைவிரல், நக நுனி எதுவும் விடக்கூடாது. வீடியோவை ஓடவிட்டு அதோடு சேர்ந்தே கழுவுங்கள்.

படி 3: புரட்டிப் படுக்க வைத்தல்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் படுக்கைப் புண் வரும். முதலில் வீட்டில் நல்ல உடம்போடு இருக்கும் ஒருவரைப் படுக்க வைத்துப் பழகுங்கள்.

“அப்பாயி, இந்தப் பக்கம் திருப்பப் போறேன், சரியா?” என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம் நில்லுங்கள். உங்களிடமிருந்து தள்ளி, எதிர்ப்பக்கம் இருக்கும் முழங்காலை மடக்கி, அதே பக்கத்துக் கையை அவர் நெஞ்சின் மேல் வையுங்கள். பிறகு தோளையும் இடுப்பையும் பிடித்து உங்கள் பக்கமாக மெதுவாக உருட்டுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று.

அப்புறம் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு நொடி வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண்ணின் தொடக்கம். நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அங்கே தேய்த்துவிடக் கூடாது. உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

இதை நன்றாகப் பழகும்வரை அனுபவமுள்ள ஒருவர் அருகில் நிற்கட்டும்.

படி 4: சாப்பாடு

படுத்த நிலையில் கஞ்சிகூட ஊட்டாதீர்கள், புரையேறும். நிமிர்த்தி உட்கார வைத்து, வாயில் இருப்பதை விழுங்கிய பிறகே அடுத்த கரண்டி. சாப்பிட்ட பின் அரைமணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

படி 5: நோட்டு போடுங்கள்

புரட்டிய நேரம், சாப்பிட்ட அளவு, சிறுநீர், மலம், கொடுத்த மாத்திரை எல்லாவற்றையும் அப்போதைக்கப்போதே எழுதுங்கள். வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாலும், டாக்டர் கேட்டாலும் இதுதான் பதில். முதல் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கட்டும்: ஆம்புலன்ஸுக்கு 108, முதியோர் உதவிக்கு 14567.