பாகிஸ்தான் திருநர் சட்டம் ‘ரத்தாகிவிட்டது’ என்று எழுதும் முன்

முஸ்லிம் நாடுகளின் திருநர் சட்டங்களைப் பற்றி எழுதுவோர் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஏதோ ஒரு நாட்டின் தீர்ப்பையோ ஃபத்வாவையோ (மார்க்க அறிஞர் தரும் கருத்துரை) எடுத்து, ‘இஸ்லாமியச் சட்டம் சொல்வது இதுதான்’ என்று முடித்துவிடுவார்கள்.

பாகிஸ்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டின் 2018 திருநர் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒருவர் தாமே உணரும் பாலினத்தை ஏற்று, 18 வயதானவர் அதன்படி தேசிய அடையாள அட்டை பெற வழி செய்தது. 2023 மே 19 அன்று கூட்டாட்சி ஷரியத் நீதிமன்றம் இது ஷரியத்துக்கு முரண் என்றது. உடனே ‘சட்டமே ரத்து’ என்று செய்தி பரவியது. அது தவறு. நீதிமன்றம் கைவைத்தது பாலின அடையாள வரையறை, 3ஆம் பிரிவு, வாரிசுரிமை பற்றிய 7ஆம் பிரிவு போன்ற சிலவற்றில்தான். திருநர் ஒருவரைப் பிச்சையெடுக்க வற்புறுத்தினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் என்ற 17ஆம் பிரிவை அது தொடவில்லை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. அரசியலமைப்பின் 203டி பிரிவின்படி, மேல்முறையீடு செய்துவிட்டால் அது முடியும்வரை ஷரியத் நீதிமன்றத் தீர்ப்பு நடைமுறைக்கு வராது. தீர்ப்பு வந்ததும், திருநருக்கான ‘எக்ஸ்’ பாலினக் குறியிட்ட அட்டை வழங்குவதை நிறுத்திய நாட்ரா (தேசிய அடையாள அட்டை வழங்கும் அமைப்பு), அதே ஆண்டில் மீண்டும் தொடங்கியது. ஆகவே தீர்ப்புத் தேதியோடு நிற்காமல், எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம், மேல்முறையீடு என்னவாயிற்று என்று மூன்றையும் பாருங்கள்.

இந்த வழக்கின் முடிச்சு ஒரு சொல்லில் இருக்கிறது. ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) நூல்கள் ‘குன்ஸா’ என்பது பிறப்பிலேயே உடலில் இருபால் கூறுகள் கொண்டவரை. ‘முகன்னஸ்’ என்பது நடை, குரல், பாவனையில் பெண்மை உள்ள ஆணை. இரண்டும் வேறு. குன்ஸாவுக்கு வாரிசுப் பங்கு கணக்கிடும் விதிகள் பழைய நூல்களிலேயே உள்ளன. அவற்றைக் காட்டி ‘இஸ்லாம் திருநங்கையரை எப்போதோ ஏற்றுவிட்டது’ என்று வாதாடினால், ‘அவை குன்ஸாவுக்கு மட்டும்’ என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் மடக்கிவிடும்.

ஈரானைப் புகழ்வோரும் அவசரப்படுகிறார்கள். அந்நாட்டின் உயர் தலைவராக இருந்த கொமெய்னியின் ஃபத்வா பால்மாற்று அறுவைச் சிகிச்சையை அனுமதித்தது உண்மைதான். ஆனால் மனநல ஆய்வு, சட்ட மருத்துவ அமைப்பின் ஒப்புதல், சிகிச்சை எல்லாம் கடந்துதான் ஆவணம் மாறும். தன்பாலுறவுக்கு மரண தண்டனை வரை உள்ள நாட்டில், இதை விடுதலை என்பதா, ஒரே திறந்த கதவு என்பதா?

மலேசியாவில் குழப்பம் வேறு மாதிரி. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஷரியா சட்டம் 66ஆம் பிரிவு, பெண்ணுடை அணியும் முஸ்லிம் ஆணுக்கு 1,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கிறது. இது முஸ்லிம்களுக்கு மட்டும். அங்குள்ள இந்துத் தமிழ்த் திருநங்கையை இப்பிரிவில் பிடிக்க முடியாது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைச் செல்லாது என்றதைப் பலரும் இன்னமும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் 2015 அக்டோபரில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் நடைமுறைக் காரணம் காட்டி அத்தீர்ப்பை நீக்கிவிட்டது.

குவைத்தில், ‘எதிர்ப்பாலினரைப் போலப் பாவனை செய்தல்’ என்ற குற்றப்பிரிவு 2022 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் வீழ்ந்தது. ஓராண்டு சிறையும் 1,000 தினார் அபராதமும் வரை போகக்கூடிய பிரிவு அது. இதைப் பாலின அங்கீகாரம் என்று எழுதாதீர்கள். கைது செய்ய உதவிய பிரிவுதான் போனது. அட்டையில் பாலினத்தை மாற்றும் உரிமையை அத்தீர்ப்பு தரவில்லை.