வேதிப்பிணைப்பு: என்னோடு முடிந்திருக்க வேண்டிய தவறுகள்

விடைத்தாள் கட்டைப் பிரித்தால், முதல் பத்துத் தாள்களுக்குள் என் மாணவப் பருவத்துத் தவறுகள் ஒவ்வொன்றாக எதிரே வந்து நிற்கின்றன. இணைதிறனை மாற்றி எழுதுவது, எலக்ட்ரான் புள்ளி ஒன்றை விட்டுவிடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை கைத்தவறுகள், எழுத எழுதச் சரியாகிவிடும். புரிதலிலேயே கோணலாக விழுந்தவை பட்டம் வாங்கிய பிறகும் கூடவே வருகின்றன.

பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிப்படும் என்று எழுதுவது

இந்த வரியைக் கண்டால் இன்றும் எனக்குப் பொறுப்பதில்லை. இரண்டு அணுக்கள் சேர்ந்து நிற்பதே, பிரிந்து நிற்பதைவிடக் குறைந்த ஆற்றலில் இருக்க முடிகிறது என்பதால்தான். குழிக்குள் கிடக்கும் பந்தை மேலே தூக்க நாம்தான் உழைக்க வேண்டும். பிணைப்பை உடைப்பதும் அப்படியே, அது செலவு.

ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆவதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகளை அணுக்களாகப் பிரிக்க 436 கிலோஜூல், ஒரு மோல் குளோரினுக்கு 243. மொத்தச் செலவு 679. புதிதாக உருவாகும் இரண்டு மோல் பிணைப்புகள், மோலுக்கு 432 வீதம், 864 தருகின்றன. மிஞ்சுவது 185 கிலோஜூல். இந்தக் கலவை பளிச்சென்ற வெளிச்சம் பட்டாலே வெடிக்கும். வெளிச்சம் கொடுப்பது குளோரின் பிணைப்பை உடைப்பதற்கான முதல் செலவைத்தான். வெடிப்பின் வெப்பம் புதிய பிணைப்பு அமையும் இடத்தில் பிறக்கிறது.

உயிரணுக்கள் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் மூலக்கூறான ஏடிபியில் 'உயர் ஆற்றல் பிணைப்பு' இருப்பதாகப் படித்த நான், பாஸ்பேட் பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டுக் கிடப்பதாகவே கல்லூரி இரண்டாம் ஆண்டு வரை நம்பினேன். வினைவெப்பக் கணக்குகளில் எண் சரியாக வரும், குறி மாறியிருக்கும். கவனக்குறைவு என்று சமாதானம் சொல்லிக்கொண்டே ஒரு பருவத் தேர்வை இழந்தேன். குறி மட்டுமல்ல, மனத்தில் இருந்த படமே தலைகீழ் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏடிபி நீரோடு வினைபுரியும்போது உடையும் பிணைப்புக்கும் செலவு உண்டு. புதிதாக அமையும் பிணைப்புகளும், பிரிந்துவந்த பாஸ்பேட்டைச் சூழ்ந்துகொள்ளும் நீரும் அதைவிட அதிகமாகத் திருப்பித் தருகின்றன.

சென்ற வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "அப்படியானால் விறகு எரியும்போது எதுவும் உடைவதில்லையா, சார்?" உடைகிறதம்மா, தீக்குச்சி கொடுப்பது அந்தச் செலவைத்தான் என்றேன். இப்போதெல்லாம் கணக்கைத் தொடங்கும் முன் தாளின் ஓரத்தில் 'செலவு', 'வரவு' என்று இரண்டு பத்தி போடச் சொல்கிறேன். உடைவதெல்லாம் முதல் பத்தியில், அமைவதெல்லாம் இரண்டாவதில்.

சோடியம் எலக்ட்ரானை விரும்பிக் கொடுக்கிறது

கொடுப்பதில்லை. வாயு நிலையில் உள்ள சோடியம் அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்க மோலுக்கு 496 கிலோஜூல் ஆகிறது. அதைப் பெறும் குளோரின் அணுக்கள் வெளிவிடுவது 349 மட்டுமே. 147 நட்டம். அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்துப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது வெளிப்படும் 787 கிலோஜூல்தான் அந்த நட்டத்தை அடைத்து மிச்சமும் வைக்கிறது.

உப்பு 'மூலக்கூறு'

படிகத்தில் அப்படி ஒன்று இல்லை. ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி ஆறு குளோரைடு அயனிகள்.

எண்ம விதியைச் சட்டமாக எடுத்துக்கொள்வது

அணுக்கள் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் அமையும்படி பிணையும் என்பது எண்ம விதி. ஆனால் போரான் டிரைபுளூரைடின் எளிய புள்ளிப் படத்தில் போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்களே உள்ளன. நைட்ரிக் ஆக்சைடில் இணைதிறன் எலக்ட்ரான்கள் மொத்தம் 11; ஒற்றைப்படை எண்ணை எப்படிப் பங்கிட்டாலும் இரண்டு அணுக்களுக்கும் எட்டு எட்டாக வராது. வேதியியலாளர் நீல் பார்ட்லெட் 1962இல் மந்த வாயுவான செனானையே வினைபுரிய வைத்துவிட்டார். மந்த வாயுக்கள் பிணைப்பே அமைக்காது என்று இன்னும் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீர் கொதித்தால் மூலக்கூறு உடைகிறது

இல்லை. விடுபடுவது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள். ஒரு மோல் நீரைக் கொதிநிலையில் ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோஜூல் போதும். ஒரு மோல் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்கவே சுமார் 463 வேண்டும்.