உண்ணி கடித்தால்: பிடுங்குவதில் தொடங்கி 14ஆம் நாள் வரை

பென்னாகரம் பக்கம் ஆடும் நாயும் வளர்க்கிற வீட்டில் உண்ணி கடிப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். போன வருடம் வரை நானும் அப்படித்தான். என் மகனுக்கு 9 வயது, நாய்க்குட்டியோடு பட்டியிலேயே கிடப்பான். அவன் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த உண்ணியை நகத்தால் கிள்ளி எடுத்து, அங்கேயே நசுக்கினேன். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தபோது அந்த உண்ணி என் நினைவிலேயே இல்லை. அதில் வீணான 5 நாட்கள் உங்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சில உண்ணிகளின் உடம்பில் ரிக்கெட்சியா என்ற பாக்டீரியா இருக்கும். நம் நாட்டில் முக்கியமானது ரிக்கெட்சியா கோனோரி. அது தரும் காய்ச்சலை டாக்டர்கள் ‘இந்தியன் டிக் டைபஸ்’ என்பார்கள். நாயின் மேல் இருக்கும் பழுப்பு உண்ணியே அதைப் பரப்பும். இந்தப் பாக்டீரியா ரத்தக் குழாயின் உள்சுவர் செல்களுக்குள் புகுந்து பெருகும். சுவர் பழுதாகி ரத்தம் கசியும் இடம்தான் தோலில் புள்ளியாகத் தெரிகிறது. ‘புள்ளிக் காய்ச்சல்’ என்ற பெயர் அதனால்தான்.

படி 1: சாமணம் வாங்குங்கள்

புருவம் திருத்துகிற தட்டை முனை ட்வீசர் வேண்டாம். அது உண்ணியின் வயிற்றைத்தான் பிடிக்கும். நகை ஆசாரிகள் கல் எடுக்கிற கூர்முனைச் சாமணம்தான் என் தேர்வு. வீட்டில் ஒன்று, பட்டியில் ஒன்று வைத்திருக்கிறேன்.

படி 2: பிடுங்குவது

தோலோடு தோலாக, உண்ணியின் வாய் பதிந்திருக்கும் இடத்தில் பிடியுங்கள். திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக நேரே மேலே இழுங்கள். தோல் கூடாரம் மாதிரி கொஞ்சம் எழும்பும். பதறி விட்டுவிடாதீர்கள், சில நொடிகளில் பிடி தளரும். பிறகு அந்த இடத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பீடி நெருப்பால் சுடுவது, மண்ணெண்ணெய் விடுவது, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் எங்கள் ஊரிலும் உண்டு. செய்யாதீர்கள். அது தானாக விழட்டும் என்று காத்திருக்கிற நேரமெல்லாம் கடித்துக்கொண்டேதான் இருக்கும். விரலால் நசுக்கவும் வேண்டாம். அதன் உள்ளிருப்பது கைக் கீறல் வழியாகவோ, அதே கையால் கண்ணைக் கசக்கினாலோ உடம்புக்குள் போகலாம்.

படி 3: காலண்டர் தாள்

பிடுங்கிய உண்ணியை செல்லோடேப்பில் ஒட்டி, அன்றைய தினசரி காலண்டர் தாளிலேயே பதித்துவிடுங்கள். யாருக்கு, உடம்பில் எங்கே என்று பேனாவால் எழுதுங்கள். அந்தத் தாளைக் கிழித்து ரேஷன் கார்டோடு வையுங்கள். காய்ச்சல் வருகிறதா என்று கவனிக்க அன்றிலிருந்து 14 நாள் கணக்கு.

படி 4: தினமும் பார்ப்பது

காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, உடம்பு வலி இவைதான் முதலில் வரும். புள்ளி பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிச் சில நாள் கழித்தே வரும், சிலருக்கு வராமலும் போகும். நம் தோல் நிறத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் அது தெரியாது. நான் மகனைக் காலை வெயிலில் வாசல்படியில் உட்கார வைத்து, மணிக்கட்டு, கணுக்கால், உள்ளங்கை, உள்ளங்கால் என்று பார்த்தேன். உள்ளங்காலில்தான் முதலில் கண்ணில் பட்டது: கடுகளவு, மங்கிய சிவப்பு. விரலால் அழுத்தினால் மறைந்து, எடுத்ததும் திரும்பியது. நோய் முற்றினால் அழுத்தினாலும் மறையாது.

படி 5: டாக்டரிடம் முதல் வாக்கியம்

நான் தடுக்கி விழுந்த இடம் இது. முதலில் போன கிளினிக்கில் “3 நாளாக் காய்ச்சல்” என்று மட்டும் சொன்னேன். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்தார்கள். இன்னும் 2 நாள் போயிற்று. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்ததால் டெங்கு என்று சந்தேகப்பட்டார்கள். இந்த நோயிலும் தட்டணு குறையும், இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பென்சிலின் வகை மருந்துகள் இந்தப் பாக்டீரியாவிடம் எடுபடாது.

தருமபுரியில் பார்த்த டாக்டர், “வீட்ல நாய் இருக்காங்க? உண்ணி ஏதாச்சும் கடிச்சுதா?” என்று கேட்ட பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்தக் காய்ச்சலா என்று பார்க்கிற வெயில்-ஃபெலிக்ஸ் (Weil-Felix) பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார், ஆனால் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. முதல் வாரத்தில் அந்தப் பரிசோதனை நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டலாம். அன்றே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடங்கினார். 2 நாளில் காய்ச்சல் இறங்கியது.

ஆகவே உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: “இத்தனாம் தேதி உண்ணி கடிச்சுதுங்க, இன்னைக்குக் காய்ச்சல்.” காலண்டர் தாளை மேசையில் வையுங்கள். மருந்தின் அளவை எடை பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும். கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தவும் செய்யாதீர்கள்.

படி 6: நாயும் சுவரும்

ரத்தம் குடித்து நிறைந்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. கால்நடை மருத்துவரிடம் உண்ணி மருந்து கேட்டு வாங்குங்கள். பட்டிச் சுவரின் வெடிப்புகளைச் சிமெண்டால் பூசுங்கள்.

பிறகு சேர்த்தது

அரூரிலிருந்து ஒருவர் கேட்டார்: உண்ணியின் வாய் மட்டும் தோலுக்குள் அறுந்து நின்றுவிட்டதே? ஊசி வைத்துக் குடையாதீர்கள். சாமணத்தில் எளிதாக வந்தால் எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள், தோல் தானே வெளியே தள்ளிவிடும்.

டாக்ஸிசைக்ளின் குழந்தையின் பல்லை மஞ்சளாக்கும் என்கிறார்களே என்று இரண்டு தாய்மார்கள் கேட்டார்கள். அதே பயத்தை நானும் டாக்டரிடம் சொன்னேன். சில நாள் மட்டும் கொடுக்கும்போது பல் கறைபடுவதில்லை, தாமதம்தான் ஆபத்து என்றார். கர்ப்பிணி என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு மருந்து மாறக்கூடும்.

இன்னொரு குழப்பம். ஸ்க்ரப் டைபஸையும் நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்றே சொல்கிறோம். அது வேறு பாக்டீரியா. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. ஒட்டியிருந்ததைப் பார்த்த நினைவே இருக்காது. அதில் பலருக்குக் கடித்த இடத்தில் பீடி சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், தொடையிடுக்கு, இடுப்புக் கயிற்றுக்கு அடியில் தேடுங்கள். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் உண்ணிச்செடிப் புதருக்குள் போகிறவர்கள், காய்ச்சல் வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.