மையவிலக்கா, ராக்கெட்டா? விரிதாளில் ஏ.சி.எச். அட்டவணை போடும் முறை

உளவுப் பகுப்பாய்வு என்றதும் பலரும் முதலில் தேடிப் போவது மால்டிகோ, ஐ2 அனலிஸ்ட்ஸ் நோட்புக் போன்ற மென்பொருள்களை. யாருக்கு யாரோடு தொடர்பு என்பதை அவை அழகாக வரைந்து காட்டும். கையில் உள்ள சான்றுகள் எந்த முடிவைத் தாங்கும் என்று கேட்டால் அவற்றிடம் பதில் இருக்காது. அதற்கு உதவுவது ஏ.சி.எச்., அதாவது போட்டிக் கருதுகோள் பகுப்பாய்வு. சி.ஐ.ஏ.வில் நெடுங்காலம் பணியாற்றிய ரிச்சர்ட்ஸ் ஹோயர் வகுத்த முறை. 1999இல் அந்த அமைப்பே வெளியிட்ட அவருடைய நூலின் 8ஆம் அத்தியாயத்தில் முழுதும் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

இதற்கென்றே பார்க் ஆய்வகம் செய்த மென்பொருளும் உண்டு. என் ஓட்டு லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாளுக்குத்தான். ஒவ்வொரு எண்ணையும் நாமே யோசித்து இட வேண்டியிருப்பதே இங்கே ஆதாயம்.

பழகுவதற்கு ஒரு நிஜ வழக்கை எடுப்போம். 2001இல் ஈராக்குக்குப் போகவிருந்த அலுமினியக் குழாய்கள் ஜோர்டானில் பிடிபட்டன. 7075-டி6 உலோகக்கலவை, விட்டம் 81 மி.மீ., நீளம் 900 மி.மீ., சுவர்க் கனம் 3.3 மி.மீ. மையவிலக்குக்கானவை, அதாவது அணுகுண்டுக்காக யுரேனியத்தைச் செறிவூட்டும் அதிவேகச் சுழல் இயந்திரத்துக்கானவை என்றது சி.ஐ.ஏ. அமெரிக்க எரிசக்தித் துறையும் வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் அதை ஏற்கவில்லை.

படி 1: கருதுகோள்கள். மேல் வரிசையில் மூன்று தலைப்புகள்: மையவிலக்கு, ராக்கெட், ராக்கெட்டுக்கென்று வாங்கிப் பிறகு மையவிலக்குக்குத் திருப்புவது. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். இரண்டே தலைப்பு இருந்தால் அது பட்டிமன்றமாகிவிடும்.

படி 2: சான்றுகள். இடப்பக்கம் வரிசையாக எழுதுங்கள்: உயர்வலிமைக் கலவை, இடைத்தரகர் வழி கொள்முதல், சுவர்க் கனம், ஈராக்கின் 81 மி.மீ. ராக்கெட் குழாயோடு ஒத்த அளவு, அனோடைஸ் பூச்சு, ராக்கெட்டுக்குத் தேவையில்லாத அளவு கறாரான டாலரன்ஸ் (குறித்த அளவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு).

படி 3: எண்கள். தடுமாற்றம் எல்லாம் இங்கேதான். கை தானாகவே முதல் தலைப்பின் கீழ் மேலிருந்து கீழாக நிரப்பத் தொடங்கும். அப்படிச் செய்தால் மனதுக்குப் பிடித்த கருதுகோளுக்கு ஆள் சேர்ப்பதாகத்தான் முடியும். ஒரு சான்றை எடுத்து இடமிருந்து வலமாக மூன்று கட்டங்களையும் நிரப்பிய பிறகே அடுத்த சான்றுக்குப் போங்கள்.

இன்னொன்று, கூட்டல் குறி வேண்டாம். ஒத்துப்போனால் 0, கொஞ்சம் முரண்பட்டால் -1, பலமாக முரண்பட்டால் -2. ஒத்துப்போவதற்கு மதிப்பெண் கொடுத்தால், எல்லாக் கருதுகோளோடும் ஒத்துப்போகும் சப்பைச் சான்றுகள் சேர்ந்து ஒரு வலுவான முரணை மூழ்கடித்துவிடும். இங்கே ஆதரவைக் கணக்கெடுப்பதில்லை, மறுப்பை மட்டும்தான்.

நான் இட்ட எண்கள், மேலே சொன்ன தலைப்பு வரிசையில். சுவர்க் கனம்: -2, 0, -1. மையவிலக்குச் சுழலிக்கு இவ்வளவு தடித்த சுவர் ஒத்துவராது. திருப்பிவிடுபவர்கள் கடைந்து மெலிதாக்க வேண்டும். ஒத்த அளவு: -1, 0, 0. அனோடைஸ் பூச்சு: -1, 0, -1. வெளியில் கிடக்கும் ராக்கெட்டை அரிப்பிலிருந்து காக்கும் பூச்சு அது; மையவிலக்கு என்றால் சுரண்டி எடுக்க வேண்டும். டாலரன்ஸ்: 0, -1, 0.

படி 4: களையெடுப்பு. உயர்வலிமைக் கலவைக்கு 0, 0, 0. ராக்கெட்டுக்கும் அதே கலவைதான் பயன்படும். இடைத்தரகருக்கும் 0, 0, 0. இந்த வகைக் குழாயை ஈராக் வாங்க ஐ.நா. தடை இருந்ததால், எதற்காக வாங்கினாலும் மறைத்துத்தான் வாங்கியிருப்பார்கள். இரண்டு வரிசைகளையும் நீக்குங்கள். 'ரகசியமாக வாங்கினார்கள்' என்பது கேட்க எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் எந்தக் கருதுகோளையும் அது பிரித்துக் காட்டவில்லை.

படி 5: கூட்டல். மையவிலக்கு -4, ராக்கெட் -1, திருப்புவது -2. பூஜ்யத்துக்கு அருகில் இருப்பது தாக்குப்பிடிக்கிறது. இது தீர்ப்பு அல்ல, அடுத்து எங்கே தோண்டுவது என்பதற்கான அடையாளம்.

படி 6: உருவிப் பார்த்தல். சுவர்க் கனத்தை மட்டும் நீக்கிக் கூட்டுங்கள்: -2, -1, -1. ராக்கெட்டும் திருப்புவதும் சமமாகிவிட்டன! ஆக, நம் முடிவு ஒரே வரிசையில் தொங்குகிறது. அந்த அளவை எடுத்தது யார், மையவிலக்கு தெரிந்தவர் பார்த்தாரா என்று சரிபார்த்தே ஆக வேண்டும்.

'திருப்புவது' உண்மையானால் வேறென்ன கண்ணில் பட வேண்டும் என்றும் எழுதி வையுங்கள்: கடைசல் ஏற்பாடு, காந்தங்கள், பேரிங்குகள். 2002 நவம்பரில் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் ஈராக்குக்குத் திரும்பித் தேடினார்கள். 81 மி.மீ. குழாய்களை ராக்கெட் தவிர வேறெதற்கும் பயன்படுத்த ஈராக் எண்ணியது என்பதற்குச் சான்று இல்லை என்று 2003 மார்ச் 7 அன்று முகமையின் அப்போதைய தலைவர் எல்பரடெய் ஐ.நா. பாதுகாப்பு அவையில் அறிவித்தார். டாலரன்ஸ் ஏன் படிப்படியாகக் கறாரானது என்பதற்கும் ஈராக்கிய ஆவணங்களில் விளக்கம் கிடைத்தது.

படி 7: அறிக்கை. 'வாய்ப்பு உண்டு' என்று மொட்டையாக எழுதாதீர்கள். 1951இல் யூகோஸ்லாவியா மீதான படையெடுப்பைப் பற்றிய மதிப்பீட்டில் 'கணிசமான சாத்தியம்' என்று எழுதினார்கள். எழுதிய குழுவிடமே சி.ஐ.ஏ.வின் மதிப்பீட்டாளர் ஷெர்மன் கென்ட் பின்னர் விசாரித்தபோது ஒருவர் 20% என்றார், இன்னொருவர் 80% என்றார். சொல்லோடு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

பின்சேர்க்கை: கூட்டுத்தொகை தப்பாக வருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போனில் தட்டி ஒட்டும்போது கழித்தல் குறிக்குப் பதில் நீளக் கோடு விழுந்துவிடுகிறது. கால்க் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு கூட்டலில் சேர்க்காது; பிழை என்றும் சொல்லாது. கட்டத்தில் எண் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது எண்ணே அல்ல. அழித்துவிட்டு விசைப்பலகையிலேயே மறுபடி தட்டுங்கள்.