கஞ்சா வேதியியல் படிக்கப் போகிறீர்களா? கருவியைப் பாருங்கள், பாஸ்போர்ட்டையும் பாருங்கள்

"அக்கா, கஞ்சா கெமிஸ்ட்ரிக்கு என்றே தனி டிகிரி இருக்கிறதாமே, சேரலாமா?" கல்லூரி ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி., மதுரையில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு கனடா வந்தேன். இங்கே ஒரு சான்றிதழ் படிப்பு முடித்து, இப்போது ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற பரிசோதனைக் கூடம் ஒன்றில் இருக்கிறேன். கஞ்சாப் பூவை அரைப்பது, கரைப்பது, வடிகட்டுவது, எச்பிஎல்சியில் (கரைசலில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி) ஏற்றுவது, வந்த எண்ணைச் சந்தேகப்படுவது, இவ்வளவுதான் என் வேலை. ஆளாளுக்குத் தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன்.

தனி டிகிரி இருப்பது உண்மைதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மார்கெட் என்ற ஊரில் இருக்கும் நார்தர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2017-இல் 'மெடிசினல் பிளான்ட் கெமிஸ்ட்ரி' என்ற இளநிலைப் படிப்பைத் தொடங்கியது. அதே மாநிலத்து லேக் சுப்பீரியர் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2019-இல் பெயரிலேயே கஞ்சாவை வைத்து ஒரு வேதியியல் பட்டம் கொண்டுவந்தது. கொலராடோவின் புவெப்லோவிலும் உயிரியலையும் வேதியியலையும் சேர்த்து ஒரு படிப்பு உண்டு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பள்ளி 2019 முதல் ஒரு முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. அது பெரும்பாலும் ஆன்லைன். மருந்தாளுநருக்கும் செவிலியருக்கும் சரி, ஆய்வகத்தில் நிற்க ஆசைப்படுபவருக்கு அது ஆகாது.

இந்தப் படிப்புகளின் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். கரிம வேதியியல், பகுப்பாய்வு வேதியியல், உயிர்வேதியியல், தாவரவியல், புள்ளியியல். முக்கால்வாசி நம் ஊர் பி.எஸ்சி.யில் படித்ததுதான். அதனால் ஏற்கெனவே பி.எஸ்சி. முடித்தவர் பெயருக்காக இன்னொரு இளநிலைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. பகுப்பாய்வு வேதியியலிலோ இயற்கைப் பொருள் வேதியியலிலோ நல்ல முதுநிலைப் படிப்பு கிடைத்தால் போதும். விண்ணப்பிக்கும்போது துறைக்கு மின்னஞ்சல் அனுப்பி இதைக் கேளுங்கள்: எச்பிஎல்சி, ஆவியாக்கிப் பிரிக்கும் ஜிசி-எம்எஸ், நுண்ணளவுப் பொருள்களையும் பிடிக்கும் எல்சி-எம்எஸ்எம்எஸ், உலோகங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ், இவற்றில் எவற்றை மாணவர் தன் கையால் இயக்கலாம்? எந்தப் பருவத்திலிருந்து? "எங்களிடம் எல்லாக் கருவிகளும் உள்ளன" என்று மட்டும் பதில் வந்தால் கவனம். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற கருவி உங்கள் ரெஸ்யூமேவில் ஏறாது.

சேர்ந்த முதல் வாரமே பூ கையில் வரும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டத்தில் மரிஜுவானாவுக்குத் தடைதான். மத்திய நிதி வாங்கும் பல்கலைக்கழகம் பொதுவாக அதை வளாகத்துக்குள் விடாது. அதனால் மாணவர்கள், போதை தரும் டிஎச்சி குறைந்த கஞ்சா வகையான ஹெம்ப்பிலும், வேறு மூலிகைகளிலும், ஹாப்ஸ் பூவிலும் பயிற்சி எடுப்பார்கள். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கஞ்சாவின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. மிர்சீன், ஹியூமுலீன் போன்ற டெர்பீன்கள், அதாவது மணம் தரும் பொருள்கள், அதிலும் உண்டு. ஒப்பீட்டுக்கான டிஎச்சி, மெத்தனாலிலோ அசிட்டோநைட்ரைலிலோ மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் கரைத்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து வரும். டெக்சாஸின் செரிலியன்ட், மிச்சிகனின் கேமன் கெமிக்கல் போன்ற நிறுவனங்கள் இதை விற்கின்றன. கண்டிப்பான பதிவு நடைமுறைகளிலிருந்து விலக்குப் பெற்ற தயாரிப்பாகவே பல குப்பிகள் கிடைப்பதால் பல்கலைக்கழகமும் வாங்க முடிகிறது.

அடுத்தது பாஸ்போர்ட். ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். எப்-1 என்ற மாணவர் விசாவில் போய்ப் பாடம் படிப்பது வேறு, படிப்பு முடிந்து மாநில உரிமம் பெற்ற கஞ்சா நிறுவனத்தில் வேலைக்குச் சேர்வது வேறு. மத்திய அரசின் கண்ணில் அந்த நிறுவனமே தடைசெய்யப்பட்ட பொருளைக் கையாள்கிறது, குடியேற்றச் சட்டமோ முழுக்க மத்திய அரசின் கையில். கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பது, மாநிலத்தில் சட்டப்படியே இருந்தாலும், குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைத் தகுதியைக் கெடுக்கலாம் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. ஆகவே அமெரிக்காவில் படிக்கப் போகும் இந்திய மாணவருக்கு என் யோசனை இது: பட்டத்தின் பெயரில் 'பகுப்பாய்வு வேதியியல்' இருக்கட்டும். வேலையை மருந்து, உணவு, சுற்றுச்சூழல் பரிசோதனைப் பக்கம் தேடுங்கள். கஞ்சா நிறுவனத்தின் வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

கனடாவில் அந்தச் சிக்கல் இல்லை. 2018 அக்டோபர் 17 முதல் நாடு முழுக்கச் சட்டபூர்வம். ஹெல்த் கனடா பரிசோதனைக் கூடங்களுக்கென்றே தனி உரிமம் தருகிறது, அந்தக் கூடத்துக்கு அறிவியல் பட்டம் பெற்ற ஒரு தலைவர் இருந்தே ஆக வேண்டும். நம் ஊர் எம்.எஸ்சி.க்காரர்கள் ஏறக்கூடிய படி அது. ஒரு எச்சரிக்கை மட்டும். இங்கே வேலை செய்துகொண்டு அமெரிக்க எல்லையைத் தாண்டும்போது கேள்வி வரலாம். வேறு காரணத்துக்காக வரும் கனடியக் குடிமக்களை இந்த வேலைக்காகப் பொதுவாகத் தடுக்க மாட்டோம் என்று அமெரிக்க எல்லைத்துறை 2018-இல் அறிவித்தது. அந்த வாக்கு கனடியக் குடிமக்களுக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர் அதை நம்பி நயாகராவின் அந்தப் பக்கம் படம் எடுக்கக் கிளம்ப வேண்டாம்.

இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்றால் ஜம்முவில் உள்ள சிஎஸ்ஐஆர்-ஐஐஐஎம் என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம்தான் நேரான வழி. அங்கே அரசு அனுமதியோடு செடி வளர்த்து ஆராய்கிறார்கள். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை எடுத்து முனைவர் பட்டத்துக்கு முயலலாம். உத்தராகண்ட் 2018-இல் தொழில்துறை ஹெம்ப் வளர்க்க உரிமம் கொடுத்தது, அங்கும் பரிசோதனைக்கு ஆள் வேண்டும். அனுமதி இல்லாமல் "ஆராய்ச்சிக்குத்தானே" என்று ஒரு இலையைக் கூடத் தொடாதீர்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்டிபிஎஸ் சட்டத்தின் முன் உங்கள் எம்.எஸ்சி. செல்லாது.

சரி, இப்போது வேதியியலுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

டிஎச்சியும், கஞ்சாவிலேயே இருக்கும் போதை தராத சிபிடியும் ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்டவை: சி21எச்30ஓ2, மூலக்கூறு எடை சுமார் 314.5. எடையை மட்டும் அளக்கும் நிறமாலைமானிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே கருவியின் பிரிப்புக் குழாயில் (column) முதலில் பிரித்தே ஆக வேண்டும். அப்புறம், பச்சைச் செடியில் டிஎச்சி அவ்வளவாக இல்லவே இல்லை. அதன் அமில வடிவமான டிஎச்சிஏதான் இருக்கிறது. எடை 358.5. சூடுபட்டால் கார்பன் டை ஆக்சைடை இழந்து டிஎச்சி ஆகும். 314.5-ஐ 358.5-ஆல் வகுத்தால் 0.877. இந்த எண்ணை இப்போதே மனப்பாடம் செய்துவிடுங்கள். பூவில் டிஎச்சிஏ 20 சதவீதம், டிஎச்சி 1 சதவீதம் என்றால் மொத்த டிஎச்சி 20 × 0.877 + 1, அதாவது 18.54 சதவீதம். அமெரிக்காவின் 2018 விவசாயச் சட்டம் ஹெம்ப் என்பதை உலர் எடையில் 0.3 சதவீதத்துக்கு மிகாத டெல்டா-9 டிஎச்சி (போதை தரும் வழக்கமான டிஎச்சி) என்று மட்டும் வரையறுத்தது. அமிலத்தைக் கணக்கில் எடுக்காத அந்த ஓட்டையில் ஒரு சந்தையே முளைத்தது. 2025 நவம்பரில் கையெழுத்தான சட்டம், ஓராண்டு அவகாசத்தோடு, மொத்த டிஎச்சிக்கு மாற்றியிருக்கிறது. வகுத்தல் கணக்கு ஒன்று ஒரு தொழிலையே ஆட்டிவைப்பதை வேறு எந்தப் பாடத்தில் பார்ப்பீர்கள்?

இதே காரணத்தால்தான் வீரியத்தை, அதாவது பூவில் டிஎச்சி எவ்வளவு என்பதை, அளக்க எச்பிஎல்சி. ஜிசியின் உட்செலுத்தும் பகுதி 250 பாகை அளவுக்குச் சுடும், அமிலம் அங்கேயே சிதைந்துவிடும். டெர்பீன்களுக்கும் மிச்சக் கரைப்பான்களுக்கும் ஜிசி, பூச்சிக்கொல்லிகளுக்கு எல்சி-எம்எஸ்எம்எஸ், ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசத்துக்கு ஐசிபி-எம்எஸ். வேலை பெரும்பாலும் பூச்சிக்கொல்லிப் பக்கம்தான் கடினம். பூவின் பிசின் எல்லாவற்றையும் மறைக்கும். அந்தக் கருவியில் தேறியவருக்கு வேலை தேடும் கவலை குறைவு.

வீரியத்தை அளக்க வழக்கமான முறை இது. அரைத்த பூ 200 மில்லிகிராமை 20 மில்லி மெத்தனாலில் குலுக்கி, வடிகட்டி, 50 மடங்கு நீர்க்க வைத்தால் 20 சதவீதப் பூ மில்லிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமில் வந்து நிற்கும். சி18 என்ற வகைப் பிரிப்புக் குழாய், ஃபார்மிக் அமிலம் கலந்த தண்ணீரும் அசிட்டோநைட்ரைலும், அளக்க 228 நானோமீட்டர் ஒளி. டெல்டா-9-க்குப் பக்கத்திலேயே அதன் நெருங்கிய உறவான டெல்டா-8 டிஎச்சி வந்து உட்காரும். அந்த இரண்டு பீக்கையும் (கருவி வரையும் கோட்டில் எழும் முகடுகள்) சுத்தமாகப் பிரித்துக் காட்டுவதுதான் தேர்ச்சி.

பட்டியலில் இல்லாத பீக்கையும் மதியுங்கள். 2019-இல் அமெரிக்காவில் வேப் குப்பிகளால் நுரையீரல் பாதிக்கப்பட்டு, மருத்துவமனையில் சேர்ந்தோரும் இறந்தோருமாக 2,800 பேருக்கும் மேல். அதில் 68 பேர் இறந்தார்கள். முதன்மையான சந்தேகம் டிஎச்சி மேல் விழவில்லை, எண்ணெயில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் மேல் விழுந்தது.

ஊரில் இருந்துகொண்டே பயிற்சி எடுக்க மஞ்சள் போதும். குர்குமின், அதன் கூடவே மெத்தாக்ஸி குழு ஒன்று குறைந்தது, இரண்டும் இல்லாதது என மூன்று நிறமிகள் அதில் உண்டு. உங்கள் கல்லூரி எச்பிஎல்சியில் 425 நானோமீட்டரில் மூன்றையும் பிரித்து, அளவுக்கோடு (தெரிந்த அளவுகளை வைத்துப் போடும் ஒப்பீட்டுக் கோடு) வரைந்து, மஞ்சள் மாதிரிகளை ஒப்பிடுங்கள். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு அதுவே தாராளம். டெர்பீன் கற்க மிளகு: கிளெவெஞ்சர் குடுவையில் (நீராவியால் வாசனை எண்ணெய் வடிக்கும் கருவி) எண்ணெய் இறக்கி ஜிசியில் ஏற்றினால் பைனீன், லிமோனீன், கேரியோபிலீன் வரும். மூன்றும் கஞ்சாவிலும் இருப்பவை. விண்ணப்பக் கடிதத்தில் இதை எழுதுங்கள். 'கஞ்சாவின் மருத்துவ மகிமை' பற்றிய பத்தியை வெட்டிவிடுங்கள், பேராசிரியர்கள் அதை நிறையப் படித்துவிட்டார்கள்.

நேர்காணலில் நான் கேட்கும் கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பூ, இரண்டு ஆய்வகம், ஒன்றில் 22 சதவீதம், இன்னொன்றில் 27. எங்கே தேடுவாய்? ஈரப்பதத்தைக் கழித்துக் கணக்குப் போட்டார்களா, செடியின் உச்சிப் பூவை மட்டும் எடுத்தார்களா அல்லது கலந்து எடுத்தார்களா, அரைக்கும்போது பிசின் அரவையிலேயே ஒட்டிக்கொண்டதா, நீர்க்க வைத்த மாதிரி அளவுக்கோட்டின் எல்லைக்குள் விழுந்ததா, ஒப்பீட்டுக் குப்பி எப்போது திறந்தது, இவ்வளவும் வந்தால் நல்லது. அதோடு நிறுத்தாமல், மாதிரியை எடுத்துக் கொடுத்தது யார், அதிக எண் தரும் ஆய்வகத்தைத் தேடித்தான் அந்த வாடிக்கையாளர் வந்தாரா என்றும் ஒருவர் கேட்டால், அவரை மேலாளரிடம் அழைத்துப் போவேன்.